ஒத்திகை அறையில் எழுத்தாளர்: புதிய ஆடல் படைப்பில் முதல்முறையாகச் சேருவோருக்கு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி மேடை ஏறுவதற்கு முன்பே அவளுக்குப் பின்னால் நிற்கும் குழுவை இளங்கோ ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். முதலில் ஆடலாசிரியன், அடுத்து இசையாசிரியன், மூன்றாவதாகப் புலவன். தண்ணுமையும் குழலும் யாழும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்தப் புலவன் தமிழ் முழுதும் அறிந்தவனாக இருந்தால் மட்டும் போதாது. அரசவைக்கான வேத்தியல், பொதுமக்களுக்கான பொதுவியல் என்னும் இருவகைக் கூத்தின் இலக்கணமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இசைக்காரன் போட்டிருக்கும் திட்டத்தை உணர்ந்து, அதற்குப் பொருந்தும்படி சொல்லை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது அவன் வீட்டில் உட்கார்ந்து பாட்டெழுதி அனுப்புகிறவன் அல்லன், குழுவில் ஓர் ஆள்.

ஆடலாசான்களான தஞ்சை நால்வர் காலத்தில், எழுதுகிறவர் குழுவுக்குள் இருப்பவரா வெளியே இருப்பவரா என்ற கேள்வியே எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்களின் கையில் சொல்லும் மெட்டும், காலுக்கான தாளச் சொற்களாகிய ஜதியும் ஒரே வீட்டில் பிறந்தன. இன்று அந்த வீடு மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆடல் அமைப்பவர் ஓர் இடத்திலும், இசையமைப்பவர் வேறோர் இடத்திலும் இருக்கிறார்கள். எழுதுகிறவரை ஒரு தொலைபேசி அழைப்பில் பிடிக்கிறார்கள். "தண்ணீரைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும், பத்து வரி போதும், வெள்ளிக்கிழமைக்குள்." நானும் முதன்முதலில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். என் வரிகளுக்கு என்ன ஆடினார்கள் என்பதை அரங்கேற்றத்தன்றுதான் பார்த்தேன். ஆடியவர் நன்றாகவே ஆடினார். ஆனால் வரி சொன்னதையே கையும் சொன்னது, கை சொன்னதையே முகமும் சொன்னது. ஒரே செய்தியை மூன்று முறை கேட்ட களைப்போடு வீடு திரும்பினேன். தவறு ஆடியவருடையது அல்ல, நான் அந்த அறையில் இல்லாமல் போனதுதான் தவறு.

அதன் பிறகு சில படைப்புகளில் தொடக்கம் முதல் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆடல் அமைப்பவரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பும் எழுத்தாளருக்கும், எழுத்தாளரை அழைக்க நினைக்கும் ஆடல் அமைப்பவருக்கும், இப்படிப்பட்ட இணைகளைச் சேர்த்துவைக்கும் சிறு அமைப்புகளுக்கும் இது பயன்படும்.

யாரை யாரோடு சேர்ப்பது

புகழைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். பெரிய கவிஞர் ஒருவரையும் பெரிய ஆடற்கலைஞர் ஒருவரையும் சேர்த்துவைத்தால் அழைப்பிதழ் நன்றாக இருக்கும். ஆனால் இருவருக்கும் நேரம் இருக்காது. வாரத்தில் மூன்று நாள் வந்து உட்காரக்கூடிய எழுத்தாளரே வேண்டும். அவர் சிறுகதைக்காரராக இருக்கலாம், பத்திரிகையாளராக இருக்கலாம், கூத்துப் பிரதி எழுதுகிறவராகவும் இருக்கலாம்.

முதல் சந்திப்பை ஒத்திகை நடக்கும் இடத்திலேயே வையுங்கள். காபிக் கடையில் சந்தித்தால் இருவரும் தங்கள் கருத்துகளைத்தான் பேசுவார்கள். கருத்தளவில் உலகத்தில் எல்லோரும் ஒத்துப்போய்விடுவார்கள். எழுத்தாளர் ஒரு முழு ஒத்திகையைப் பார்க்கட்டும். ஆடல் அமைப்பவர் எழுத்தாளரின் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கட்டும், மனத்துக்குள் படித்தால் கணக்கில் வராது. படிக்கும்போது எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லில் கை தானாக அசைகிறது என்று பாருங்கள். இந்த இணை நிலைக்குமா என்பது அந்தக் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: குழுவில் யார் யார் தமிழ் எழுத்தைப் படிப்பார்கள்? சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக் கற்றுக்கொண்ட ஆடற்கலைஞர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அது குறை அல்ல, கலைக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள உறவு அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் பக்கத்தை அவர்கள் கண்ணால் படிக்கப்போகிறார்களா, காதால் கேட்கப்போகிறார்களா என்பது உங்கள் வேலையின் வடிவத்தையே மாற்றிவிடும். எங்கள் குழுவில் நான் எழுதியதையெல்லாம் முதலில் என் குரலில் பதிவு செய்து அனுப்பினேன். எழுத்துப் பிரதி பிறகுதான் போயிற்று.

உங்கள் வேலைக்கு ஒரு பெயர் வையுங்கள்

"சேர்ந்து வேலை செய்வோம்" என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எது உங்களுடையது என்று முதல் வாரத்திலேயே தெரியாவிட்டால் ஆறாவது வாரத்தில் மனக்கசப்பு வரும்.

ஒன்று, கதையையும் காட்சி வரிசையையும் கட்டித்தருவது. மேடையில் உங்கள் சொல் ஒன்றுகூட ஒலிக்காமல் போகலாம். 1841இல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறிய கிசெல் பாலேயின் கதையைக் கவிஞர் தியோஃபீல் கோத்தியே இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து எழுதினார். ஆடுபவர்கள் வாய் திறப்பதே இல்லை, ஆனாலும் அவர்கள் கட்டிய கதையின் மேல்தான் அந்தப் பாலே இன்றுவரை நிற்கிறது.

இரண்டு, மேடையில் கேட்கும் சொல்லை எழுதுவது. ஆடலுக்கென்றே எழுந்த நம் பதமும் வர்ணமும் குறவஞ்சியும் இந்த வகை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944இல் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி மேடைக்குக் கொண்டுவந்தபோது, இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய புலவரோடு அவர் இணை சேர்ந்தார் என்றே சொல்வேன். உயிரோடிருக்கும் எழுத்தாளரோடு சேர்ந்தால் வேறு வழிகளும் திறக்கும். கனடாவின் ஆடல் அமைப்பாளர் கிறிஸ்டல் பைட்டும் நாடகக்காரர் ஜொனதன் யங்கும் சேர்ந்து உருவாக்கிய ரிவைசர் (2019) அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதில் நடிகர்களின் குரலில் உரையாடலை முன்பே பதிவு செய்துவிட்டார்கள். ஆடுபவர்கள் அந்தக் குரலுக்கு உதட்டையும் உடல் முழுவதையும் அசைக்கிறார்கள். ஒவ்வோர் அசைக்கும் ஓர் அசைவு. நட்டுவாங்கத்தில், அதாவது தாளம் தட்டி ஆடலை நடத்துகையில், சொல்கட்டுக்குக் கால் பதில் சொல்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

மூன்று, ஒத்திகையில் கூடவே இருந்து, கட்டுமானம் எங்கே தொய்கிறது என்று பார்த்துச் சொல்வது. ஐரோப்பாவில் இவரை டிராமதர்க் என்பார்கள். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் ஆடல் அமைப்பாளர் பீனா பௌஷின் குழுவோடு 1980 முதல் 1990 வரை இந்தப் பணியில் இருந்த ரைமுண்ட் ஹோகெ, அதற்கு முன் பத்திரிகையில் மனிதர்களைப் பற்றிய சித்திரங்கள் எழுதியவர். பௌஷ் தன் ஆடற்கலைஞர்களிடம் கேள்விகள் கேட்பார். அவர்கள் சொல்லாலோ அசைவாலோ பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களிலிருந்து படைப்பு உருவாகும். மனிதர்களைக் கூர்ந்து கேட்டு எழுதிய ஒருவருக்கு அந்த அறையில் இடம் கிடைத்தது இயல்புதான்.

நான்கு, சாட்சியாக இருந்து எழுதுவது. படைப்பு எப்படி உருவாகிறது என்பதை ஒரு குறிப்பேடாக, கட்டுரையாக, கவிதையாக எழுதிவைப்பவர். தமிழில் இதற்குத்தான் பெரிய பஞ்சம். நம்மிடம் அரங்கேற்ற விமர்சனங்கள் இருக்கின்றன. ஆக்கத்தின் நாட்குறிப்புகள் மிகக் குறைவு.

இவை ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். லண்டனில் பிறந்த வங்காளியான ஆடற்கலைஞர் அக்ரம் கான் 2011இல் உருவாக்கிய தேஷ் படைப்பில், கேரளத்தில் பிறந்து பாரிஸில் வாழும் கவிஞர் கார்த்திகா நாயர் எழுத்தாளர்களில் ஒருவராக இருந்தார். அதில் வந்த தேன் எடுக்கும் சிறுவனின் கதை, பின்னர் 2013இல் தனியே குழந்தைகள் நூலாக வெளிவந்தது. ஒத்திகைக்காக எழுதியது மேடையோடு முடிந்துவிட வேண்டியதில்லை. சென்னையிலோ இன்னும் அரிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஆடல் அமைப்பாளர் சந்திரலேகாவின் ஷரீரா படைப்பில் பல ஆண்டுகள் ஆடியவர் திஷானி தோஷி என்னும் கவிஞர். எழுதுகிறவரின் உடலுக்கும் பாடம் உண்டு என்பதை பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய சந்திரலேகாவின் அரங்கு காட்டியது. நீங்கள் ஆடியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளாவது முழங்காலை இருபுறமும் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு "அவள் தாழ்ந்து அமர்ந்தாள்" என்று ஒரு வரியை எளிதாக எழுத உங்களுக்குக் கை வராது.

முதல் ஆறு ஒத்திகைகளில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்

இதுதான் புதியவர்களுக்குக் கடினமான கட்டம். வந்துவிட்டோமே, ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கை துடிக்கும். பொறுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் உட்காருங்கள். இடம் மாறினால் நீங்கள் பார்ப்பதும் மாறும், ஆடுபவர்களின் கண்ணும் உங்களைத் தேடும். நட்டுவாங்கம் செய்பவரின் பார்வையை மறைக்காத ஓர் ஓரம் நல்லது. செருப்பை வெளியே விடுங்கள், தொலைபேசியைப் பையில் வையுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் குனிந்து எழுதினால், "எதைத் தவறாகச் செய்தேன்" என்று ஓர் இளம் ஆடற்கலைஞர் பயப்படுவார். பகுதி முடிந்த பிறகு எழுதுங்கள்.

என்ன எழுதுவது? வினைச்சொற்களை மட்டும். "அழகாக", "உருக்கமாக", "கம்பீரமாக" என்ற சொற்களை முதல் வாரம் தொடாமல் தள்ளிவையுங்கள். சாய்ந்தாள், திமிறினாள், நழுவவிட்டாள், தேய்த்தாள், உதறினாள், பதுங்கினாள் என்று எழுதுங்கள். தமிழில் கையால் செய்யும் காரியங்களுக்கே எத்தனை வினைகள் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்: அள்ளுதல், கோருதல், மொள்ளுதல், வாருதல், கிள்ளுதல், கொய்தல், பறித்தல். தண்ணீரை மொள்வது ஓர் அசைவு, அள்ளுவது வேறோர் அசைவு. ஆடல் அமைப்பவருக்கு நீங்கள் தரக்கூடிய முதல் பரிசு இந்தப் பட்டியல்தான்.

கூடவே அவர்கள் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். அடவுக்கும் கோர்வைக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு, தட்டிமெட்டு எங்கே வரும், சஞ்சாரி என்றால் என்ன என்றெல்லாம் இடைவேளையில் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்லித்தருவார்கள். பதிலுக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று கொடுங்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளான நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகியவற்றை எங்கள் குழுவில் ஒரு நாள் பேசினோம். நவரசத்தில் பழகியவர்களுக்கு இளிவரல் புதிதாக இருந்தது. தான் சிறுத்துப்போனதாக ஒருவர் உணரும்போது உடல் என்ன செய்யும் என்ற கேள்வியிலிருந்து ஒரு முழுப் பகுதி பிறந்தது.

சிறு பரிமாற்றங்கள்

மூன்றாவது வாரத்தில் பக்கங்களாக எழுதாமல் துண்டுகளாகக் கொடுக்கத் தொடங்குங்கள். ஏழு வினைச்சொற்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஆடிப்பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை திசையை மாற்றுங்கள்: அவர்கள் ஒரு நிமிடம் ஆட, அதைப் பார்க்காத ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்வதுபோல நீங்கள் எழுதுங்கள். அந்தப் பத்தியை மறுநாள் அறையில் படித்துக் காட்டுங்கள். "நான் அதையா செய்தேன்?" என்று ஆடியவர் கேட்டால், பார்ப்பவர் கண்ணில் விழுவதற்கும் ஆடுபவர் மனத்தில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி கையில் கிடைத்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் நீங்கள் வேலை செய்யப்போகிறீர்கள்.

ஒரு முன்னெச்சரிக்கையும் இருக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சிகளில் ஆடற்கலைஞர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையைச் சொல்வார்கள். தாயின் நோய், வீட்டுச் சண்டை, உடலைப் பற்றி யாரோ சொன்ன சொல் என்று எதுவும் வரும். அறையில் கேட்டது பிரதிக்குள் வர வேண்டுமானால், சொன்னவரிடம் தனியாக, நேரம் கொடுத்து அனுமதி கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. ஒருமுறை சம்மதித்தவர் பிறகு மனம் மாறினால், அந்த வரி எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கணக்குப் போட்டு எழுதுங்கள்

தாளில் எழுதிய வரிக்கும் ஆடும் வரிக்கும் நேரக் கணக்கு வேறு. ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, 8 அட்சரம் (எண்ணிக்கை). ஓர் அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 விநாடி. உங்கள் வரி இரண்டு ஆவர்த்தனம் எடுத்துக்கொண்டு, பாடகர் அதை ஆறு முறை திருப்பிப் பாடினால் 96 விநாடி ஆகும். அப்படி இருபது வரி எழுதினால் 32 நிமிடம், ஜதிகள் தனி. ஒரு மணி நேரப் படைப்புக்கு நான்கு பக்கப் பாட்டு எழுதிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுவேன். உரைநடையாக எழுதினாலும் இதே ஒழுக்கம் வேண்டும். உரக்கப் படித்து, கடிகாரம் பார்த்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் விநாடிகளைக் குறியுங்கள்.

திருப்பிப் பாடுவதில்தான் நம் மரபின் பெரிய செல்வம் இருக்கிறது. ஒரே வரி திரும்பத் திரும்ப ஒலிக்க, ஆடுபவர் முதல் முறை சொல்லுக்குச் சொல் பொருள் காட்டுவார். அடுத்தடுத்த முறைகளில் அந்த வரியைச் சுற்றி ஒரு கதையையே விரிப்பார். அதுதான் சஞ்சாரி. ஆகவே வரிக்குள் அவர் நுழைய ஓர் இடம் இருக்க வேண்டும். "மழை பொழிந்து ஏரி நிறைந்து ஊர் மகிழ்ந்தது" என்ற வரியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆடுபவர் அதைப் படம்போடலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. "ஏரி என்ன சொன்னது?" என்று கேட்டால் ஆறு முறைக்கும் ஆறு பதில் வரும். முடியாத வரி எழுதுங்கள். கேள்வி, விளி, தயக்கம், பாதி சொன்ன பொய் எல்லாம் ஆடலுக்கு நல்ல விதைகள். நம் பதங்களில் நாயகி தோழியிடம் "அவரிடம் போய்ச் சொல்" என்று ஏன் இத்தனை முறை சொல்கிறாள்? அந்தச் சொல்லுக்குள் கோபம், கெஞ்சல், தன்மானம் எல்லாவற்றுக்கும் இடம் இருப்பதால்தான்.

அடுத்தது ஒலி. நீண்ட சுரம் விழும் இடத்தில் நெடில் இருந்தால் பாடகர் உங்களை வாழ்த்துவார். "வந்து", "பார்த்து" என்று குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை இழுத்தால் "வந்தூ" ஆகிவிடும். சொல் எங்கே பிளக்கும் என்றும் பாருங்கள். நான் தொடக்கம் முதல் கூடவே இருந்த எங்கள் தண்ணீர்ப் படைப்பில் "இன்னும் வரவில்லை" என்று ஒரு வரி இருந்தது. மெட்டில் "வர" என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தது. அடுத்த ஆவர்த்தனம் "வில்லை" என்று தொடங்கியது. அபிநயம் செய்துகொண்டிருந்த இளம் ஆடற்கலைஞரின் கை, பயிற்சியின் பழக்கத்தில், தானாக வில்லைப் பிடித்தது. அவர் செய்தது சரி, காதில் விழுந்ததைத்தான் ஆடினார். அருதி, அதாவது தாளத்தில் சொல் அழுத்தத்தோடு வந்து விழும் இடத்தை, இசையமைப்பவரோடு உட்கார்ந்து சரிசெய்தோம். இளங்கோவின் புலவனுக்கு "இசையோன் திட்டத்தை உணர்தல்" ஏன் ஒரு தகுதியாக வைக்கப்பட்டது என்று அன்றைக்குப் புரிந்தது.

வெட்டுங்கள்

அதே படைப்பில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, தெருத்தெருவாக லாரிக்குக் காத்திருந்த பெண்களைப் பற்றிய பகுதி அது. இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். குடங்களின் நிறம், வரிசைச் சண்டை, பள்ளிக்கு நேரமாகும் பிள்ளை, லாரியின் சத்தம் கேட்டதும் ஓடும் கால்கள் என்று எல்லாம் இருந்தன. எனக்குப் பிடித்த பக்கங்கள்.

ஒரு மாலை ஆடல் அமைப்பவர், "அக்கா, பாட்டே இல்லாமல் ஒரு முறை செய்து பார்க்கட்டுமா?" என்றார். செய்தார். ஐந்து பெண்கள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்து நின்றார்கள். ஒருத்தி குடத்தைத் தரையில் வைத்தாள். காலிப் பிளாஸ்டிக் குடம் தரையில் படும் அந்த ஓசை கூடம் முழுவதும் கேட்டது. அடுத்தவளும் வைத்தாள். ஐந்து ஓசைகள். பிறகு ஒவ்வொருவராகக் குடத்தைக் காலால் ஓர் அடி முன்னே தள்ளினார்கள். வரிசை நகர்ந்தது. என் இரண்டு பக்கத்தில் இருந்த அத்தனையும் அங்கே இருந்தன, நான் எழுதாத ஒன்றும் கூடுதலாக இருந்தது: அந்தப் பெண்களின் பொறுமைக்குள் இருந்த கோபம்.

இரண்டு பக்கத்திலிருந்து நாங்கள் வைத்துக்கொண்டது "இன்னும் வரவில்லை" என்ற இரண்டு சொற்களை மட்டுமே. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு முறை, பாடாமல், பேச்சாக.

என் பக்கங்கள் வீணாயின என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் குடத்தைக் காலால் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொன்னார். எழுத்தாளர் எழுதியதில் பெரும்பகுதி இப்படி உடலுக்குள் போய் மறைந்துவிடும். இதை இழப்பாக நினைப்பவர் இந்த வேலைக்கு வராதிருப்பது நல்லது.

ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் இந்தச் சோதனையை நீங்களே முன்வந்து கேளுங்கள்: "இந்த வரி இல்லாமல் ஒருமுறை ஆடிக்காட்ட முடியுமா?" வரி போனாலும் பகுதி நிற்குமானால் வரியை எடுங்கள். பகுதி சரிந்தால் வையுங்கள். பகுதி வேறொன்றாக மாறினால் உட்கார்ந்து பேசுங்கள். வெட்டிய பக்கங்களைத் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்திருங்கள். நான்காவது வாரத்தில் வெட்டியது எட்டாவது வாரத்தில் தேவைப்படும்.

கருத்துச் சொல்லும் முறை

ஒத்திகை முடிந்த உடனே சொல்லாதீர்கள். உடல் களைத்திருக்கும்போது காது கூர்மையாக வலியைத்தான் பிடிக்கும். மறுநாள் காலையில் சொல்லுங்கள், முதலில் பார்த்ததைச் சொல்லுங்கள்: "மூன்றாவது பகுதியில் என் கண் இடப்பக்கம் நின்றவரிடமே இருந்தது." சரி தவறு பேச வேண்டாம். அது வேண்டுமென்று செய்ததா இல்லையா என்று அவர் முடிவு செய்வார். அசைவுக்கு நீங்கள் மாற்று சொல்லாதீர்கள். வரிக்கு அவர் மாற்று சொன்னால் கோபப்படாதீர்கள், ஆனால் மாற்றும் கை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ஆடற்கலைஞர்களிடம் நேராகத் திருத்தம் சொல்லக் கூடாது. எல்லாம் ஆடல் அமைப்பவர் வழியாகத்தான் போக வேண்டும். ஓர் அறையில் இரண்டு குரல் ஒலித்தால் ஆடுபவர்தான் திண்டாடுவார்.

பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவராக இருந்தால், இந்தப் படைப்பைப் பற்றி விமர்சனம் எழுதமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உள்ளிருந்து எழுதும் கட்டுரையில், உள்ளிருந்தவர் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்.

காகிதத்தில் போட்டுக்கொள்ள வேண்டியவை

நட்பு இருக்கும்போதே ஒப்பந்தம் எழுதுங்கள், நட்பு நீடிக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்கும் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்னும் வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. உங்கள் வரிகள் இலக்கியப் படைப்பு. ஆகவே இரண்டு உரிமைகள் அருகருகே நிற்கின்றன. உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பதானால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கோ டொராண்டோவுக்கோ படைப்பு போகும் வாய்ப்பு இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள். மறைந்த கவிஞரின் பாடலை எடுப்பதானால், அவர் மறைந்து 60 ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள், ஆகவில்லை என்றால் உரிமையுடையோரிடம் கேளுங்கள்.

பணம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பங்கு உண்டா, காணொளி இணையத்தில் ஏறினால் என்ன, வெட்டிய பக்கங்களை நீங்கள் தனியே வெளியிடலாமா, அழைப்பிதழில் உங்கள் பெயர் என்ன சொல்லோடு வரும் ஆகிய ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பெயர் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். "பாடல்" என்று போட்டால் ஒத்திகையில் இருந்த மூன்று மாதம் மறைந்துவிடும். "எழுத்தும் ஒத்திகைத் துணையும்" என்பதுபோல வேலையைச் சொல்லும் பெயரைக் கேளுங்கள்.

மேடைக்குப் போகும் வாரம்

பாடகருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதி வேண்டும். மேடையில் அவர் மேல் வெளிச்சம் குறைவாகத்தான் விழும். பதிவுக் குரல் இருந்தால் அரங்கின் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். மெய்யெழுத்துகள் அங்கே வரும்போது பாதி தேய்ந்திருக்கும்.

நிகழ்ச்சிக் குறிப்பை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் மைக்கில் விளக்கம் சொல்லும் வழக்கம் நம் சபாக்களில் வேரூன்றியிருக்கிறது. அதை இந்தப் படைப்புக்காவது வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மாதம் உழைத்து ஒரு கேள்வியை உருவாக்கிவிட்டு, அதன் விடையைத் திரை விலகுவதற்கு முன்பே சொல்லிவிடக் கூடாது. குறிப்பில் நூறு சொல் போதும்: எங்கே தொடங்கினோம், யார் யார் செய்தார்கள். அந்தக் கை என்ன பொருள், இந்தக் குடம் எதன் குறியீடு என்பதெல்லாம் வேண்டாம்.

அரங்கேற்றத்தன்று பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். எங்கே இருமல் வருகிறது, எங்கே தொலைபேசியின் வெளிச்சம் தெரிகிறது, எந்த இடத்தில் ஒரு குழந்தைகூடப் பேசவில்லை என்று மட்டும் மனத்தில் வையுங்கள். மறுநாள் அதைக் குறிப்பேட்டில் எழுதி, ஆடல் அமைப்பவரை நிதானமாகச் சந்தியுங்கள். இரண்டாவது நிகழ்ச்சிக்குள் மாற்றுவதற்கு நிறைய இருக்கும். எங்கள் படைப்பில் மூன்றாவது நிகழ்ச்சியிலிருந்து "இன்னும் வரவில்லை" என்பதும் கடைசி முறை ஒலிப்பதில்லை. குடம் மட்டும் நகர்கிறது.